ஒன்பதாம் எண் தகடு

2007 ஏப்ரல் 9, திங்கட்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வெயில் 37 டிகிரி. வீட்டு நடையில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்திருந்தேன். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை, காற்று அடியோடு நின்றிருந்தது. விருதுநகரில் அன்று பங்குனிப் பொங்கலின் தீச்சட்டி நாள். தெருமுனையில் என் மனைவியோடு நின்று, போகிற சட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இருநூற்றுப் பதினாறாவது சட்டியை ஏந்தி வந்த பெண் நெரிசலில் ஓரமாக ஒதுங்கினார். அந்த ஓரத்தில் பலூன்காரர் ஒருவர் முப்பது நாற்பது பலூன்களைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டித் தீ ஒரு பலூனைத் தொட்டது. அடுத்த நொடி கொத்து முழுவதும் அடிவயிற்றில் தட்டுவது போன்ற ஓர் ஓசையோடு மஞ்சள் தீயாக விரிந்து, விரிந்த இடத்திலேயே மறைந்தும் போனது. யாருக்கும் காயமில்லை. பலூன்காரரின் புருவம் மட்டும் பொசுங்கிவிட்டது. வெறும் நூல்களைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற கோலத்தைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் எனக்குத் தெரிந்தவர். நான்கு நாட்களுக்கு முன்பு அவரிடம்தான் ஹீலியம் என்று சொல்லி ஒரு சிலிண்டர் வாங்கியிருந்தேன். ஹீலியம் எரியாது.

வெல்டிங் வேலையில் இருந்து நான் ஓய்வு பெற்று இப்போது பத்து மாதம் ஆகிறது; இது அதற்கு முன்பு, வேலையில் இருந்தபோது நடந்தது. எங்கள் பட்டறையில் இப்போது வாயுவைக் கலந்தே சிலிண்டரில் கொண்டுவந்து இறக்குகிறார்களாம். எந்த உலோகத்துக்கு எந்த வாயு என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள், சுவரில் ஒட்டிக்கொள்கிறோம் என்று அங்கே இருப்பவர்கள் கேட்டார்கள். பதினொரு வரியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பதினொரு வரியில் அடங்காதது இது.

தொழிற்பயிற்சி இரண்டு வருடம். பிறகு வெளியூரில் ஒரு கொதிகலன் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை ஆறு வருடம். அங்கே தடித்த செம்பைப் பற்றவைக்க ஒருவர் பழுப்பு நிறச் சிலிண்டர் ஒன்றைத் திறந்ததை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். ஹீலியம். தீ, வெண்ணெயில் கத்தி இறங்குவது போலச் செம்பில் இறங்கியது. அதை நான் மறக்கவேயில்லை. அதுதான் பின்னால் எனக்கு வினையாகவும் வந்தது. 1976-ல் விருதுநகருக்கே திரும்பி, எண்ணெய் ஆலைகளுக்குத் தொட்டி செய்யும் பட்டறையில் சேர்ந்தேன். முப்பத்து மூன்று வருடம் அங்கேயே.

உருகிய உலோகம் காற்றைத் தாங்காது. உருகிக் கிடக்கும் அந்த இரண்டு மூன்று நொடிகளில் காற்று பட்டால் உள்ளே பொந்து விழும், கறுக்கும், வெடிப்பு விடும். அதனால் ஒரு வாயுவை மேலே ஊதிக் காற்றைத் தள்ளிவைக்கிறோம். இரும்புக்குக் கரியமில வாயு போதும். பொறி தெறிக்கும், ஆனால் பிடித்துக்கொள்ளும். அலுமினியத்துக்கு அது ஆகவே ஆகாது, ஆர்கான்தான் வேண்டும். திருத்தங்கலில் இருந்து ஓர் அச்சு இயந்திரத்தின் உடைந்த அலுமினிய மூடி வந்தபோது, முகமூடிக் கண்ணாடிக்குப் பின்னால் நான் முதன்முதலாக அதை நிதானமாகப் பார்த்தேன். அலுமினியத்தின் மேல் படிந்திருக்கும் அழுக்குத் தோல், யாரோ திரையை விலக்குவது போல இரண்டு பக்கமும் தானாக விலகியது. நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு சின்னக் குளம். வேலை முடிந்ததும் வெளியே போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். நாம் இழுக்கிற மூச்சில் நூற்றுக்கு ஒரு பங்கு அந்த ஆர்கான்தான். அதற்கு நிறமில்லை, மணமில்லை, எதனோடும் சேராது. எதுவுமே செய்யாமல் சும்மா நிற்கிறது, அதனால்தான் அதன் கீழே உலோகம் சுத்தமாக உருகுகிறது. இந்த ஒரு விஷயத்தை முப்பது வருடம் யோசித்தும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்கு வெளியே மட்டும் ஆர்கான் ஊதினால் போதாது, உள்ளேயும் நிரப்ப வேண்டும். இதை எங்களுக்குக் காட்டியவர் மேலாளர் கலாவதி மேடம். 2003-ல் அவர் வேலைக்கு வந்த இரண்டாம் வாரம், நல்லெண்ணெய்த் தொட்டிக்கு நாங்கள் செய்த குழாயை அறுத்து உள்பக்கத்தைக் காட்டினார். காய்ந்த சர்க்கரைப் பாகு போலப் பொரிந்து கறுத்திருந்தது. பிறகு அச்சகத்தில் மிஞ்சிய காலண்டர் அட்டையை வட்டமாக வெட்டிக் குழாயின் இரண்டு வாயையும் அடைத்து, ஊசித் துளை வழியாக உள்ளே ஆர்கானை விட்டார். அடுத்த குழாயை அறுத்தபோது உள்பக்கம் வெள்ளிக் கிண்ணம் மாதிரி இருந்தது.

மேடம் என்னைவிடப் பதினேழு வயது இளையவர். உலோகவியல் படித்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வேலை தொடங்கும் முன், பற்றவைக்கும் டார்ச்சில் வாயு வெளிவரும் பீங்கான் மூக்கைத் தன் கீழுதட்டுக்கு அருகே கொண்டுபோய், கண்ணை மூடி, வாயு வருகிறதா என்று பார்ப்பார். வாயு அளவுக்குழாயில் குண்டு, நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் என்ற கோட்டில் மிதந்துகொண்டிருக்கும். மேடம் கண்ணைத் திறந்து, எட்டுதான் வருகிறது என்பார். தேடினால் ரப்பர் குழாயில் ஒரு கீறல் இருக்கும். ஒன்பது முறை சோதித்திருக்கிறேன், ஒன்பதிலும் அவர் சொன்னதே சரி. வேலை பிடிக்கவில்லை என்றால் திட்ட மாட்டார். “இன்னொன்னு போட்டுப் பாப்பமா அண்ணாச்சி?” என்பார். அதைக் கேட்டால் அன்று எனக்குச் சோறு இறங்காது. 2007 வரைக்குமான நான்கு வருடத்தில் ஏழு முறை கேட்டிருக்கிறேன்.

பூட்டும் வால்வும் எப்போதும் என் கவலை. வீட்டுக்குக் கிளம்பிய பிறகு சிலிண்டரை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். அதனால்தான் எல்லாவற்றையும் எழுதிவைக்கும் பழக்கம் வந்தது. தேதி, வேலை எண், எந்த வாயு, தொடங்கும்போது சிலிண்டரில் எவ்வளவு, முடிக்கும்போது எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். அப்படி இருபத்தேழு நோட்டுகள்.

2007 மார்ச் கடைசியில் எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் இருந்து ஆர்டர் வந்தது. மருந்து அறைகள் பதினான்கு. ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு செம்புத் தகடு இருக்கும். உள்ளே போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நடந்து வரும்போது உடம்பிலும் துணியிலும் ஏறியிருக்கும் மின்சாரம் தகடு வழியாக மண்ணுக்கு இறங்கிவிடும். இறங்காவிட்டால், உள்ளே மருந்தைத் தொடும்போது விரல் நுனியில் ஒரு பொறி போதும். பழைய தகடுகளில் மண்ணுக்குப் போகும் செம்புப் பட்டையைப் போல்ட் போட்டு மாட்டியிருந்தார்கள். போல்ட் அரித்து, மூன்று தகடுகள் எதோடும் தொடர்பில்லாமல் சும்மா சுவரில் தொங்கியது சோதனையில் தெரிந்ததாம். ஆகவே புதிதாக, தகட்டோடு பட்டையைப் பற்றவைத்தே தர வேண்டும் என்றார்கள்.

செம்பு எங்கள் பட்டறைக்கு அபூர்வம். கொடுக்கிற சூட்டையெல்லாம் அது உடம்பு முழுக்கப் பரப்பிவிடும், பற்றவைக்கிற இடம் மட்டும் உருகாது. ஆர்கான் போதும், ஆனால் முதலில் தகட்டையே சூடேற்ற வேண்டும் என்று மேடம் முடிவு செய்தார். பர்னரை வைத்து ஒவ்வொரு தகட்டுக்கும் இருபத்திரண்டு நிமிடம். சூடு போதுமா என்று பார்க்க மேடம் ஒரு வழி வைத்திருந்தார். மருந்து முக்காத வெறும் தீக்குச்சியைத் தகட்டில் இழுப்பார். அது பழுப்புக் கோடு போட்டால் தொடங்கலாம்.

ஏப்ரல் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அனல் வீசும் செம்பின் மேல் குனிந்து நிற்பது ஐம்பத்தெட்டு வயதில் சாதாரணமில்லை. மூன்றாவது தகட்டில் எனக்குத் தலை சுற்றியது. ஹீலியம் கலந்தால் இவ்வளவு சூடேற்ற வேண்டாம் என்று மேடத்திடம் சொன்னேன். பழைய தொழிற்சாலையில் பார்த்ததையும் சொன்னேன். மேடம் மதுரையில் கேட்டார். வர பத்து நாள் ஆகும் என்றார்கள்.

“இருக்குற கேஸுல செய்வோம் அண்ணாச்சி. முடியலன்னா ரெண்டு நாள் தள்ளிக் குடுப்போம்” என்றார்.

எட்டுத் தகடு முடிந்த புதன்கிழமை, இயந்திரம் ஒன்று பார்ப்பதற்காக மேடம் கோயம்புத்தூர் போனார். வியாழக்கிழமை காலை எனக்குப் பலூன்காரர் ஞாபகம் வந்தார். கடை திறப்பு விழாக்களுக்குப் பலூன் கட்டுகிறவர். பழுப்பு நிறச் சிலிண்டர் அவரிடம் இருந்தது.

“ஹீலியம்தானா தம்பி?” என்றேன்.

“மேல போகுதுல்ல அண்ணாச்சி. பெறகென்ன?” என்றார்.

சிலிண்டரின் வாயில் எங்கள் ரெகுலேட்டர் சேரவில்லை. திருகு மரை எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. அவரே ஒரு பித்தளை இணைப்பு கொடுத்தார். அதைப் போட்டதும் சேர்ந்துவிட்டது. தீப்பிடிக்கும் வாயுவின் சிலிண்டருக்கு மட்டும்தான் மரை இடப்பக்கம் இருக்கும். தவறிக்கூட மாற்றி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். இது எனக்குப் பத்தொன்பது வயதில் இருந்து தெரியும். அன்று என் கையில் அது எதிராகத் திரும்பியது, நானோ இணைப்பு கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

ஆர்கான் பன்னிரண்டு லிட்டர், இது ஆறு. அதைக் கலந்து ஊதியதும் பற்றவைக்கும் சுடரின் ஓரம் வழக்கத்தைவிட நீண்டு சிவந்தது. செம்பு உடனே உருகியது. பத்தாம் எண்ணில் இருந்து பதினான்கு வரை ஒன்றரை நாளில் முடித்தேன். ஐந்தும் தீபாவளிக்கு விளக்கிய பாத்திரம் போல மின்னின. முதல் ஒன்பதும் சூடேற்றியதில் மங்கிக் கருநீலமாக இருந்தன. என் ஐந்தையும் நானே பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சனிக்கிழமை வண்டி ஏற்றினோம். ஞாயிற்றுக்கிழமை சுவர்களில் மாட்டிவிட்டார்கள்.

திங்கட்கிழமை பத்து நாற்பதுக்கு அந்தப் பலூன்கள் எரிந்தன. பலூனை மேலே தூக்கும், எரியவும் செய்யும் வாயு ஹைட்ரஜன்தான்.

சாதாரணச் செம்புக்குள் துளி அளவு பிராணவாயு எப்போதும் கலந்திருக்கும். சூட்டில் ஹைட்ரஜன் செம்புக்குள் புகுந்து அதைத் தேடிப் பிடித்துச் சேரும். சேர்ந்தால் தண்ணீர். அந்தச் சூட்டில் அது நீராவி. கெட்டிச் செம்புக்குள் நீராவி எங்கே போகும்? உள்ளே இருந்தபடி மணி மணியாகப் பிளக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஹைட்ரஜன் கறையைத் தின்றுவிடுவதால் வெளியே இன்னும் பளபளப்பாகத்தான் இருக்கும். அந்தப் பளபளப்பைத்தான் நான் ரசித்துக்கொண்டிருந்தேன். பட்டை எந்த நிமிடமும் தகட்டின் பின்னால் ஒடிந்து நிற்கலாம். முன்னால் கை வைக்கிறவருக்குத் தெரியவே தெரியாது. புதுப்பட்டியில் காலை ஏழு மணிக்கே மருந்து வேலை தொடங்கிவிடும். காற்றில் ஈரம் இல்லாத இப்படிப்பட்ட நாளில்தான் உடம்பில் மின்சாரம் அதிகம் ஏறும்.

முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்த மேடத்துக்குப் போன் போட்டேன்.

“மேடம், பத்துலருந்து பதினாலு வரைக்கும் அஞ்சு தகட்டுல ஹைட்ரஜன் போயிருக்கு. ஹீலியம்னு நான்தான் வாங்குனேன்.”

“எல்லாரையும் வெளிய வரச் சொல்லிருதேன். நீங்க வைஸக் கழத்தி வேன்ல ஏத்துங்க” என்றார். ஏன் வாங்கினேன் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்குத் தொழிற்சாலை வாசலில் இருந்தோம். வேலையாட்கள் நாற்பத்தாறு பேரும் வேலிக்கு அந்தப் பக்கம் வேப்பமரங்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். முதல் காரியமாக என் ஐந்து தகடுகளைக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்துப் போனேன். மாட்டிய அன்றே பெண்கள் பதினான்கையும் புளி போட்டு விளக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். பதினான்கும் ஒரே மாதிரி மின்னின.

“நேத்துதான் பொட்டு வச்சோம், இன்னிக்கே புடுங்க வந்துட்டீகளா?” என்றார் பேச்சியம்மாள் என்ற நடுவயதுப் பெண். “பொண்ணு புடிக்கலன்னு மாப்ள வீட்டுல சொல்லிட்டாகளோ?” எல்லோரும் சிரித்தார்கள். அவர் ஒன்பதாம் அறையில் வேலை செய்கிறவர்.

எண்களை நான் தகட்டின் பின்பக்கம் பொறித்திருந்தேன். கடைசி ஐந்து அறைகளில் இருந்து கழற்றச் சொன்னேன், வரிசையாகத்தான் மாட்டியிருந்தார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. வேனின் பின்பக்கத்தில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸை முடுக்கி, தகட்டைப் பிடித்து, பட்டையின் மேல் ஒரு குழாயைச் சொருகி மேடமே வளைத்தார். செம்பு வளைய வேண்டும். பத்தாம் எண் வளையவில்லை. பிஸ்கட் ஒடிகிற மாதிரி ஒடிந்தது. ஒடிந்த வாயைப் பார்த்தேன். செம்பின் நிறமே அதில் இல்லை. செங்கல்லை உடைத்தது போல மங்கிய சிவப்பு, மணல் மணலாக, நடுவில் ஊசிக்கண் அளவில் எண்ண முடியாத பொந்துகள். கையில் பிடிக்க முடியாத ஒரு வாயு, கெட்டி உலோகத்துக்குள் புகுந்து, தண்ணீரைக் கொதிக்கவைத்துவிட்டுப் போயிருக்கிறது. எனக்குப் பயத்தைவிட முதலில் வந்தது வியப்புதான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மற்ற நான்கும் அப்படியே ஒடிந்தன.

தொழிற்சாலை போர்மேன் சங்கரலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். “அஞ்சும் ஆப்புட்டுருச்சுல்ல மேடம். மத்த ஒம்பது ரூமையும் தொறந்துரலாமா? சீசன் ஆர்டரு நிக்குது.”

நானும் நோட்டை நீட்டினேன். பக்கத்தில் தெளிவாக இருந்தது. ஒன்று முதல் ஒன்பது வரை ஆர்கான் மட்டும். சிலிண்டரின் தொடக்க அளவு, முடிவு அளவு, நேரம் எல்லாம் இருந்தன. ஐந்துதான் மேடம், கணக்கு சரியாக இருக்கிறது என்றேன்.

மேடம் நோட்டை வாங்கி முழுவதும் படித்தார். மூடி என்னிடம் தந்தார்.

“இன்னொன்னு வளச்சுப் பாப்பமா அண்ணாச்சி?”

ஒன்றாம் எண். வளைந்தது. தோல் வாரை மடிப்பது போலத் தொண்ணூறு டிகிரி மடங்கி, திரும்ப நிமிர்ந்தது. இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொன்றும் அப்படித்தான். அந்தச் சூட்டையும் அந்தத் தீக்குச்சியையும் நினைத்துக்கொண்டேன். போர்மேன் இரண்டு முறை பெருமூச்சு விட்டார். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. எட்டோடு நிறுத்தலாம் என்று நானே வாயெடுத்தேன்.

ஒன்பதாம் எண்ணில் மேடம் குழாயை அழுத்தினார். பட்டையின் ஒரு பாதி வளைந்தது. மறுபாதி ‘டிக்’ என்றது. இரண்டாம் அழுத்தலில் பட்டை முழுவதும் கையோடு வந்துவிட்டது. ஒடிந்த வாயில் பாதி ரோஜா நிறச் செம்பு, பாதி செங்கல்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பதாம் தகட்டை ஆர்கானில்தான் தொடங்கினேன். பாதியில் இருக்கும்போது பலூன்காரரின் சிலிண்டர் வந்து இறங்கியது. தகடு ஏற்கெனவே சூடாக இருக்கிறதே, எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம் என்று கடைசி இரண்டு அங்குலத்தை அந்தக் கலவையில் போட்டுப் பார்த்தேன். அது சோதனைதானே என்று எழுதவில்லை. இருபத்தேழு நோட்டுகளில் சோதனைகளை நான் எழுதியதே இல்லை. சோதனை வேலையில் சேராது என்று எனக்கு ஓர் எண்ணம்.

மேடத்திடம் அதைச் சொன்னேன். போர்மேனுக்கும் பேச்சியம்மாளுக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன். பேச்சியம்மாள் வேலிப் பக்கமாக வந்து, ஒடிந்த பட்டையை வாங்கிப் பார்த்தார். “காலைல இதுல கை வச்சுட்டுத்தான உள்ள போனேன்” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எட்டுத் தகடுகளை அன்றே திரும்ப மாட்டினோம். ஆறு அறைகள் மூடிக் கிடந்தன. ஆறு தகடுகளையும் புதுச் செம்பில், ஆர்கானில், இருபத்திரண்டு நிமிடம் சூடேற்றி, குச்சி கோடு போட்ட பிறகு பற்றவைத்தேன். மூன்று நாள். ஒவ்வொன்றையும் மேடம் வளைத்துப் பார்த்த பிறகே வண்டியில் ஏற்றினார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதாம் அறை வாசலில் தகட்டை நானே முடுக்கினேன். பேச்சியம்மாள் பக்கத்தில் நின்றார்.

“தொடலாமா அண்ணாச்சி?”

“தொடுங்க தாயி.”

“மொதல்ல நீங்க தொடுங்க.”

உள்ளங்கையை வைத்தேன். வெயில் ஏறியும் செம்பு குளிர்ச்சியாக இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். நான் கையை எடுத்த இடத்தில் அவர் கையை வைத்துவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே கேட்டுக்கொண்டு போய் ஒன்பதாம் தகட்டைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறேன். பதினொரு முறை.

பலூன்காரரிடம் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்து, அதில் என்ன இருக்கிறது என்று விளக்கினேன். முப்பது பலூன் எரிந்தும் நம்பாதவர், மரை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நான் காட்டியபோது நம்பினார்.

பத்து முதல் பதினான்கு வரை ஐந்து தகடுகளின் செலவைப் பட்டறை நஷ்டத்தில் எழுதச் சொன்னார் மேடம். நோட்டில் எழுதியிருப்பது பட்டறையின் வேலை, அதன் நஷ்டமும் பட்டறையைச் சேர்ந்தது என்றார். ஒன்பதையும் அதிலேயே எழுதப் போனார். அது நோட்டில் இல்லாத வேலை, என்னுடையது, வேண்டாம் என்றேன். நோட்டில் அந்த வரிக்குக் கீழே விட்டுப்போனதை எழுதினேன்: ‘சோதனை, கடைசி இரண்டு அங்குலம், கலவை வாயு’. பிறகு செம்பு நான்கு கிலோ அறுநூற்றைம்பது கிராம், கிலோ 340 வீதம் 1,581 ரூபாய். கம்பியும் ஆர்கானும் 84 ரூபாய். மேடம் ரசீது போட்டுக் கொடுத்தார்.

அந்த இரண்டு அங்குலத்துக்கு நான் கட்டியது 1,665 ரூபாய்.